பிரெஞ்சுப் பீங்கானும் லாரி பெயிண்டும்

1. மானா பிங்கான்?

சுவரில் மாட்டியிருந்த படத்தின் கண்ணாடியை ஜப்பான்காரத் துவான் விரலால் தட்டிக்காட்டி, "மானா பிங்கான்?" என்று கேட்டான்.

'தட்டு எங்கே' என்று அர்த்தம். மலாய்க்காரர்கள் தட்டைப் பிங்கான் என்பார்கள், நாம் பீங்கான் என்போம். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தோட்டத்துக் கணக்கரான கிராணியாரின் மொழிபெயர்ப்பு எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மலாயாவில் கோலா சாவாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே பெயிண்டர். லாரிக் கதவில் தோட்டத்தின் பெயர், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு நம்பர், ஆபீஸ் வாசலில் அம்புக்குறி போட்ட போர்டு, இவைதான் என் வேலை. ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பரை வாங்க ஆளில்லை. லாரியையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. மற்றவர்களைப் போல நானும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப்போனதும் பங்களாவுக்கு இந்தத் துவான் வந்து சேர்ந்தான். துவான் என்றால் மலாயில் எஜமான். போருக்கு முன் ஏதோ மரக்கம்பெனியில் கணக்கு எழுதினவனாம். ராணுவச் சட்டை போட்டதும் அவனுக்குத் தான் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை என்ற எண்ணம் வந்துவிட்டது. அன்று சுவரிலிருந்த படங்களை இறக்கச் சொல்லி என்னையும் வைரவன் அண்ணனையும் கூப்பிட்டிருந்தான். வைரவன் அண்ணன் ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் ஸ்மோக் ஹவுஸில் வேலை செய்தவர். அவருடைய மனைவி அஞ்சலை அக்கா பங்களாவில் ஆயா. துரை காலத்திலிருந்தே சமையலும் அவர் கையில்தான்.

சாப்பாட்டு அறையில் அப்படி ஆறு படங்கள் இருந்தன. எல்லாம் பீங்கான் படங்கள். ஒன்றில் நீலக் கலரில் சரிகைக்கரை போல விளிம்பு. ஒன்றில் ஒரு கொம்புக்குள்ளிருந்து பூக்கள் கொட்டும். பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியும் ஓர் ஈயும் இருக்கும். முதன்முதலில் பார்த்தபோது நிஜ ஈதான் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். இன்னொன்றில் பச்சையும் மஞ்சளுமாக நீளக்காதுக் குள்ளர்கள் ஆடுவார்கள். துரைசாணி சீமைக்கு லீவில் போனபோது வாங்கி வந்தவை.

கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் இங்கிலீஷ் படித்தவர் அவர் ஒருவர்தான். அவர் கையைக் கட்டிக்கொண்டு மலாயில் விளக்கிப் பார்த்தார். இது பிரான்ஸ் தேசத்துப் பழைய பீங்கான். ஆனால் பீங்கான் இங்கே இல்லை. நூறு வருசத்துக்கு முந்திய புத்தகத்திலிருந்து எடுத்த அச்சுப்படம் மட்டும்தான் இருக்கிறது.

துவான் சிரித்தான். மனிதன் சுவரில் ராஜா படம் மாட்டுவான், சாமி படம் மாட்டுவான், பெற்றவள் படம் மாட்டுவான். சாப்பிடுகிற தட்டைப் படமெடுத்து எவனாவது மாட்டுவானா? சாமானைப் புதைத்துவிட்டுப் படத்தை மட்டும் வெளியே வைத்திருக்கிறான் துரை. இதுதான் துவானின் நியாயம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"பிங்கான் வரணும். வரலைன்னா..." என்று மலாயில் ஆரம்பித்தவன், என்னையும் வைரவன் அண்ணனையும் விரலால் காட்டி, "சயாம்" என்று முடித்தான்.

சயாம் என்றால், பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்டுக்கொண்டிருந்த ரயில் ரோடு. எங்கள் லயத்திலிருந்து முன்பே ஆள் பிடித்துப் போயிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சொல்கூடத் திரும்பி வரவில்லை.

வெளியே வந்ததும் கிராணியார் வேட்டியை உதறினார். "விசர் பிடிச்சவன்! படத்தில இருக்கிற பீங்கானுக்கு நான் எங்கயடாப்பா போறது?"

2. தோண்டின கதை

அஞ்சலை அக்கா அப்படிக் கலங்குகிறவர் இல்லை. பொய் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கோடு கூட அசையாது. மறுநாள் காலையில் துவானிடம் போய், துரை ஓடுவதற்கு முன்னால் பங்களாவுக்குப் பின்புறச் சரிவில் மண்வெட்டியோடு நின்றதைப் பார்த்ததாகச் சொன்னார்.

அந்தச் சரிவு முழுக்க லாலாங் புல். மண் கல்லாகக் கிடந்தது. எங்களால் கொத்த முடியாமல் விட்ட இடம் அது. துவான் சிப்பாய்களை விட்டுத் தோண்டச் சொன்னான். ஒரு பக்கம் முடிந்ததும் அக்கா தலையைச் சொறிந்துகொண்டு, "இங்கதானா, இல்ல கொஞ்சம் மேலயா, ஞாபகம் வரலையே துவான்" என்பார். அவர்கள் மேலே தோண்டுவார்கள்.

"என்னக்கா இது?" என்று கேட்டேன்.

"மரவள்ளி நடணும்னு எத்தனை நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன், உங்க அண்ணன் செஞ்சாரா? சும்மா இரு. நல்லா வரப்பு மாதிரி வெட்டுறானுங்க பாரு."

பலா மரத்தடிக்கு வந்ததும் மண்வெட்டியில் எலும்பு சிக்கியது. சிப்பாய்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் மட்டும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினான். அது துரையின் நாய். துரைசாணி அழுதுகொண்டே புதைத்ததை அக்கா பக்கத்தில் நின்று பார்த்தவர்தான். அங்கே தோண்டச் சொன்னபோது அதை மறந்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் துவான் நேராக வந்து கிராணியாரை அறைந்தான். ஏன் கிராணியாரை என்று யாரும் கேட்கவில்லை. அறைவதற்கு இங்கிலீஷ் தெரிந்த ஆளாக இருந்தால் அவனுக்கு வசதி போலிருக்கிறது.

"இந்த வாரம் முடியிறதுக்குள்ள பீங்கான் வேணுமாம்," என்றார் கிராணியார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "இல்லாட்டி உங்க ரெண்டு பேரோட என்னையும் சேர்த்து அனுப்புவானாம்."

3. வேலை

அஞ்சலை அக்கா அன்று மத்தியானம் ஸ்மோக் ஹவுஸுக்கு ஒரு சாக்குப் பையோடு வந்தார். பைக்குள் வெள்ளைத் தட்டுகள். துரை வீட்டு விருந்துக்கென்று அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தவை, துவான் கண்ணில் படாதவை. பையின் அடியிலிருந்து மூன்று படங்களையும் எடுத்தார். துடைக்க வேண்டும் என்று சொல்லிச் சட்டத்தோடு வாங்கி வந்திருந்தார்.

"டேய் ராசு, லாரியில புலி போட்டவன்தானே நீ? இதுல இதைப் போடு."

"அக்கா, இது பீங்கான். மேலே கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. பெயிண்ட் ஒட்டாது."

"ஒட்டலைன்னா சயாமுக்கு நடந்து போறியா?"

வைரவன் அண்ணன் எழுந்தார். போய் அடுப்புச் சாம்பலை ஒரு தகரத்தில் அள்ளி வந்து வைத்தார்.

இனி வருவது தொழில் விஷயம், போர்டு எழுதப் பழகுகிறவர்கள் கவனிக்கலாம். வழவழப்பான சாமானில் எனாமல் நிற்காது. சாம்பலும் செங்கல் தூளும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பைக் கொன்றோம். ஸ்டோரில் லாரிக்கு வாங்கின எனாமல் அரை டின் நீலம் இருந்தது. வெள்ளை கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம். பச்சை இல்லை, நீலத்தையும் மஞ்சளையும் கலந்தேன். ரப்பர்ப் பால் வடிக்கிற கோப்பைகள் சும்மா கிடந்தன, அவற்றில்தான் கலவை. என்னிடமிருந்த பிரஷ் எல்லாம் லாரிக் கதவுக்கானவை. ஆட்டு முடியை ஈர்க்கில் கட்டிச் சின்ன பிரஷ் செய்துகொண்டேன்.

படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தது. கையால் வரைந்ததில்லை. ஒவ்வொரு கலரையும் தனித்தனியாக ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடித்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால் பூ இதழெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். தள்ளி வைத்தால் பூவாகிவிடும். இந்த அச்சுக்காரன் யாரோ, எனக்கு வாத்தியார் இல்லாத குறையைத் தீர்த்தான். சரிகைக்கரையை இரண்டே நாளில் கற்றுக்கொண்டேன். பிற்காலத்தில் சிரம்பான் டவுன் லாரிகளுக்கும் காவடிகளுக்கும் அதைப் போட்டுத்தான் பேர் வாங்கினேன்.

ஆனால் எது பீங்கானின் கலர், எது கறை என்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அந்தப் பழைய காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. அவற்றையும் ஒன்றுவிடாமல் தட்டில் போட்டுவிட்டேன். நீளக்காதுக் குள்ளர்களில் ஒருவனுக்கு முகம் சரியாக அமையவில்லை, கிராணியாரின் மீசையை வைத்தேன். அமைந்துவிட்டது.

தட்டின் பின்புறம் இங்கிலீஷ் கம்பெனி முத்திரை இருந்தது. அதை மறைக்க வெள்ளை அடித்து, படத்துக்குக் கீழே இருந்த பிரெஞ்சு எழுத்தை அதன்மேல் அப்படியே எழுதினேன். ஒரு படத்தில் அதன் கடைசியில் 14 என்ற எண்ணும் இருந்தது. அதையும் எழுதினேன்.

எழுதி முடித்த தட்டுகளை வைரவன் அண்ணன் ஸ்மோக் ஹவுஸில் ஷீட் காயப்போடும் கம்புகளின் மேல் பலகை போட்டு அடுக்கினார். இளஞ்சூட்டில் பெயிண்ட் இறுகியது. புகை ஏறி வெள்ளை எல்லாம் பழுப்பானது. வெளியே எடுத்துப் பார்த்தபோது எனக்கே ஒரு பயம் வந்தது. அசல் இருநூறு வருசத்துச் சாமான் போல இருந்தது. கிராணியார் வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கிடக்கு... இது ஆரடா, என்னைப் போல?"

"பிரான்ஸ்காரன் ஐயா."

அவர் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

4. கண்டெடுத்த அன்று

தட்டுகளைப் பழைய ரப்பர் ஷீட்டில் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் வைத்து, காய்ந்து கிடந்த பால் தொட்டிக்கு அடியில் புதைத்தோம். அஞ்சலை அக்கா மறுநாள் காலை துவான் முன்னால் போய், கனவில் துரைசாணி வந்து தொட்டியைக் காட்டினாள் என்றார். கிராணியார் இதை மொழிபெயர்க்கும்போது குரல் நடுங்கியது. பயத்தால்தான், ஆனால் பக்தி போல இருந்தது.

பெட்டி வெளியே வந்தது. துவான் முதல் தட்டை இரண்டு கையாலும் தூக்கினான். மூக்கருகில் கொண்டுபோனான். ஸ்மோக் ஹவுஸ் நாற்றம் குப்பென்று அடித்தது.

"லாமா," என்றான். பழசு என்று அர்த்தம். மறுபடியும் முகர்ந்து, "லாமா செகாலி," என்றான். ரொம்பப் பழசு. பழுப்புப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். படத்தைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டான். புள்ளி கூட அதே இடத்தில் இருந்தது. இதற்குமேல் என்ன ருசு வேண்டும்?

பிறகு பின்பக்கம் திருப்பினான். "பதினாலு. மிச்சமெல்லாம் எங்கே?"

அது அந்தப் படத்தின் நம்பர், பீங்கானுடையதல்ல என்று கிராணியார் பிறகு எனக்குச் சொன்னார். அப்போது சொல்ல முடியுமா? அஞ்சலை அக்காதான் நெஞ்சில் கைவைத்து, "அதெல்லாம் தொரை காருல ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு துவான். பாவி மனுசன், நல்லதா பார்த்து எடுத்துக்கிட்டாரு," என்றார்.

துவான் துரையைத் திட்டினான். எங்களுக்கு அரிசியும் உப்பும் கொடுத்தான். நீளக்காதுக் குள்ளர் தட்டைப் பட்டுத்துணியில் சுற்றி, சிரம்பானில் இருந்த தன் மேலதிகாரிக்குப் பரிசாக எடுத்துப்போனான். அவனை எங்கள் ஆட்கள் துவான் பெசார் என்பார்கள், பெரிய துவான். கிராணியாரின் மீசை அவன் ஆபீஸ் சுவரில் ஏறியது.

5. வாழையிலை

வெற்றி என்று நினைத்தோம். பெரிய துவான் நன்றி சொல்ல நேரில் வருகிறானாம், அந்தத் தட்டுகளிலேயே சாப்பிட ஆசைப்படுகிறானாம் என்று செய்தி வந்தது.

"சுடுசோறு பட்டா பெயிண்ட் எழும்பிடும்க்கா," என்றேன். "மீன் குழம்பு வேற. போச்சு."

வைரவன் அண்ணன் முதல் தடவையாக வாய் திறந்தார். "ரெண்டு வேட்டி எடுத்து வைலா. சயாமுல குளிராம்."

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்," என்றார் அக்கா. கத்தியை எடுத்துக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குப் போனார்.

பெரிய துவான் வயதானவன், அமைதியானவன். மேசையில் உட்கார்ந்தான். அவன் முன்னால் நீலச் சரிகைக்கரைத் தட்டு. விளிம்பு மட்டும் தெரியும்படி, நடுவில் வட்டமாக நறுக்கிய வாழையிலை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று இலை. அதன் மேல் சோறு.

"இது ஏன்?" என்று எங்கள் துவான் சீறினான்.

அஞ்சலை அக்கா கும்பிட்டு நின்றார். "பெரிய மனுசங்களுக்கு நாங்க இலையிலதான் போடுவோம் துவான். வெறுந்தட்டுல போட்டா மரியாதை இல்ல."

கிராணியார் சொன்னதும் பெரிய துவான் தலையை ஆட்டி, கையாலேயே சாப்பிட ஆரம்பித்தான். இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். நான் மூலையில் தண்ணீர்ச் சொம்போடு நின்று இலையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுக் குழம்பு விளிம்பை நோக்கி ஓடியது. அக்கா குனிந்து புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தார். அதையும் மரியாதை என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

புறப்படும்போது எங்கள் துவானின் தோளைத் தட்டிக் கொடுத்தான். அன்று முழுக்க நம்மவன் தரையில் நடக்கவில்லை.

6. சூப்

அந்தப் பெருமைதான் கெடுத்தது. மறுநாள் காலையில் நாங்கள் மூவரும் பின்கட்டில் இருந்தபோது, துவான் தன் சூப்பைத் தானே பூக்கொம்புத் தட்டில் ஊற்றிக்கொண்டான். ஆவி பறக்கும் சூப். கிராணியார் கடிதம் வாசித்துக் காட்ட எதிரில் நின்றிருந்தார்.

முதலில் ஈ எழும்பியதாம். பிறகு வண்ணத்துப்பூச்சி. பிறகு ஒரு பூ முழுசாகக் கழன்று சூப்பின் மேல் மிதந்ததாம்.

அறை விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. வழக்கம்போலக் கிராணியார்தான். எங்களைக் கூப்பிட்டான். நாங்கள் வரிசையாக நின்றோம். கரண்டியால் அந்தப் பூவைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். என் நகத்தில் நீலம் இன்னும் போகவில்லை. அதைப் பார்த்தான். இடுப்பு வாளில் கை வைத்தான்.

வைரவன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது அஞ்சலை அக்கா, சந்தையில் மீன் விலை சொல்கிற குரலில் மலாயில் சொன்னார்:

"துவான் பெசார் பூஞா பூன் சாமா, துவான்."

பெரிய துவானுடையதும் இதே மாதிரிதான்.

துவானின் கை நின்றது. அக்காவைப் பார்த்தான். பிறகு சூப்பைப் பார்த்தான். சிரம்பான் ஆபீஸ் சுவரும், அவனே அங்கே நின்று இது பிரான்ஸ் ராஜா காலத்துச் சாமான் என்று அளந்த கதையும், அவன் தோளில் பெரிய துவான் தட்டிக் கொடுத்ததும் எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அதுவும் எழும்புமா?" என்று மெல்லக் கேட்டான்.

கிராணியார் கன்னத்தைத் தடவிக்கொண்டே மொழிபெயர்த்தார். நான் தொழில்காரன், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "சுவத்துல இருக்கிற வரைக்கும் எழும்பாது. ஆனா அடிக்கடி வார்னிஷ் வைக்கணும். தெரிஞ்ச ஆள்தான் வைக்கணும்."

அன்றிலிருந்து நான் பங்களாவின் பீங்கான் பராமரிப்பு ஆள். வைரவன் அண்ணன் எனக்கு உதவியாள். ஆள்பிடிக்க லாரி வந்தபோதெல்லாம் துவானே வாசலில் வந்து நின்று, இவர்கள் இருவரும் வேண்டியவர்கள் என்று சொல்லி அனுப்பினான். தட்டைத் துடைக்க என்று என்னைச் சிரம்பானுக்கு இரண்டு முறை அனுப்பிவைத்தான். பெரிய துவான் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தான், ஏறி நின்று கிராணியாரின் மீசைக்கு வார்னிஷ் அடித்தேன்.

கிராணியாருக்கும் அதற்குப் பிறகு அறை விழவில்லை. அவருக்கும் விஷயம் தெரியுமல்லவா.

7. கடைசியில்

சிரிப்பதற்கு இவ்வளவுதான். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் அந்த லாரிகளில் போனார்கள். அவர்களைக் காப்பாற்ற எங்களிடம் தட்டு இல்லை. பலர் திரும்பவில்லை. அவர்கள் வீட்டுக் கதவில் நான் எழுதின நம்பர் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் கதவுகளைக் கடந்து போகும்போது வைரவன் அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார். நானும்தான்.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று தெரிந்த பிறகு துவான் பங்களாவைக் காலி செய்தான். ஒரு பைதான் எடுத்துப்போக முடியுமாம். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். ரேடியோவை விட்டான். துரையின் கடிகாரத்தை விட்டான். நீலச் சரிகைக்கரைத் தட்டைத் தன் சட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

"ஏன்டா, அவனுக்குத்தான் தெரியுமே, பொய்ச் சாமான்னு?" என்றார் அஞ்சலை அக்கா.

பைக்கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பையை மார்போடு அணைத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டான். அவன் மேல் எனக்கிருந்த ஆத்திரம் அன்றும் போகவில்லை, இன்றும் போகவில்லை. ஆனாலும் பையில் அந்தத் தட்டு இருந்தது எனக்குள் ஒரு சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

பிற்பாடு சிரம்பானில் போர்டு எழுதும் கடை வைத்தேன். வேலை கற்க வருகிற பையன்கள், நல்ல பெயிண்டர் என்று எப்போது தெரியும் என்று கேட்பார்கள். கோடு நேராக வந்தால் என்றோ, கலர் மங்காமல் இருந்தால் என்றோ நான் சொல்வதில்லை. உன் வேலையைப் பற்றி வாங்கினவன் நாலு பேரிடம் பெருமையடிக்கும்வரை பொறுத்திரு என்பேன். அதற்குப் பிறகு அதில் குறை இருந்தாலும் அவனே உனக்காகச் சண்டை போடுவான். அவன் மானம் அதில் மாட்டிக்கொண்டிருக்கும்.

அதோடு இன்னொன்றும் சொல்வேன்: வார்னிஷ் வைக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்று அவன் நம்பும்படி பார்த்துக்கொள்.